கரடி வாத்தியார் சொல்ல மறந்த பாடம்

காடு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

அது 1950-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ என்று ஒரு மாநிலம். அங்கே கேப்பிட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலைக்காடு. அந்தக் காட்டில்தான் தீ பிடித்துக்கொண்டது. பலத்த காற்று வீசியது. தீ மரத்துக்கு மரம் தாவியது. 17 ஆயிரம் ஏக்கர் காடு சாம்பலாயிற்று.

தீயை அணைக்க நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பட்டாளத்துச் சிப்பாய்களும் வந்தார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தார் தீயின் நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். ஓடுவதற்கு வழி இல்லை. பக்கத்தில் பாறைகள் சரிந்து கிடந்த ஓர் இடம் இருந்தது. அத்தனை பேரும் அங்கே ஓடி, முகத்தைப் புதைத்துக்கொண்டு குப்புறப் படுத்தார்கள். தீ அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. உயிர் பிழைத்தார்கள்.

தீ அடங்கிய பிறகு பார்த்தால், கருகிப்போன மரம் ஒன்றில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஒரு கரடிக் குட்டி! பிறந்து சில மாதங்களே ஆன குட்டி. தாயைக் காணவில்லை. குட்டியின் பாதங்களும் பின்னங்கால்களும் வெந்திருந்தன.

வன விலங்கு இலாகாவைச் சேர்ந்த ரே பெல் என்பவர் இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டார். குட்டியைச் சிறு விமானத்தில் ஏற்றிச் சான்டா ஃபே நகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மிருக வைத்தியர் அதன் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். பிறகு குட்டி ரே பெல் வீட்டிலேயே வளர்ந்தது. அவருடைய மனைவி அதற்குப் பாலும் தேனும் கொடுத்தார். அவருடைய சிறு மகள் அதனோடு விளையாடினாள்.

பத்திரிகைகளில் செய்தி வந்தது. நாடு முழுவதும் அந்தக் குட்டியைப் பற்றியே பேச்சு. அதற்கு "ஸ்மோக்கி" என்று பெயர் வைத்தார்கள். "புகை படிந்தவன்" என்பது அதன் பொருள்.

ஆனால் அந்தப் பெயர் புதிய பெயர் அல்ல. ஆறு வருஷமாகவே அந்த நாட்டுக் குழந்தைகளுக்குத் தெரிந்த பெயர்தான். எப்படி?

கடலிலிருந்து வந்த குண்டு

அதற்கு இரண்டாவது உலக யுத்த காலத்துக்குப் போக வேண்டும்.

1942-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி. கலிபோர்னியாக் கடற்கரை அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மேலே வந்தது. சான்டா பார்பரா நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிணறுகளின் மேல் குண்டு வீசிவிட்டுப் போயிற்று. சேதம் அதிகம் இல்லை. ஆனாலும் ஜனங்கள் நடுங்கிப்போனார்கள். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் பெரிய காடு இருந்தது. குண்டு அங்கே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

யுத்தத்துக்கு மரம் வேண்டும். கப்பலுக்கு மரம், பாசறைக்கு மரம், பெட்டிகளுக்கு மரம். அதே சமயம், காட்டுத் தீயை அணைக்கக்கூடிய வாலிபர்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். காட்டைக் காப்பது யார்?

காட்டு இலாகாவிடம் ஒரு கணக்கு இருந்தது. பத்துத் தீயில் ஒன்பது தீ மனிதனால் வருகிறது என்பதே அந்தக் கணக்கு. அணைக்காமல் எறிந்த சிகரெட், ஊதாமல் போட்ட தீக்குச்சி, சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு, இவைதான் காரணம். அப்படியானால் தீயை அணைக்க ஆள் தேடுவதைவிட, தீ வைக்காமல் இருக்க ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மேல் அல்லவா?

மூன்று கைகள் சேர்ந்தன

சொல்லிக்கொடுப்பது என்றால் சாமானிய வேலையா? கோடிக்கணக்கான ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். ஓர் இலாகாவால் ஆகிற காரியம் அல்ல. ஆகவே 1942-ம் ஆண்டிலேயே மூன்று கைகள் ஒன்றுசேர்ந்தன.

முதலாவது, மத்திய அரசாங்கத்தின் காட்டு இலாகா. காட்டைப் பற்றிய அறிவு அவர்களிடம் இருந்தது. இரண்டாவது, அந்தந்த மாநிலத்துக் காட்டு அதிகாரிகள். உள்ளூர் ஜனங்களை அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் போகிறவர்கள் அவர்கள்தான். மூன்றாவது, யுத்த கால விளம்பரக் கழகம். சோப்பும் பற்பசையும் விற்கத் தெரிந்த விளம்பரக்காரர்கள், நாட்டுக்காகக் கூலி வாங்காமல் வேலை செய்யச் சேர்ந்த கழகம் அது. பத்திரிகைகள் இடம் கொடுத்தன. வானொலி நிலையங்கள் நேரம் கொடுத்தன.

முதலில் யுத்தத்தைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். "நீ அஜாக்கிரதையாகப் போடும் தீக்குச்சி எதிரிக்கு உதவி" என்ற கருத்தில் சுவரொட்டிகள் வந்தன. ஆனால் பயம் நெடுநாள் நிற்காது. மனத்தில் ஒட்டக்கூடிய ஓர் உருவம் வேண்டியிருந்தது.

மான் போய்க் கரடி வந்தது

அப்போது வால்ட் டிஸ்னியின் "பாம்பி" என்ற சினிமா வந்திருந்தது. அதன் நாயகன் ஒரு மான்குட்டி. அது வளர்ந்த பிறகு காட்டுத் தீயில் அகப்பட்டுத் தப்பும். 1944-ம் ஆண்டில் அந்த மான்குட்டியின் படத்தைச் சுவரொட்டியில் போட டிஸ்னி அனுமதி கொடுத்தார். ஆனால் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் அனுமதி. சுவரொட்டி ஜனங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு பிராணி சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தது.

இரவல் மானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு பிராணி வேண்டும். கடைசியில் கரடியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1944-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதியைத்தான் ஸ்மோக்கியின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆல்பர்ட் ஸ்டேலி என்ற ஓவியர் முதல் படத்தை வரைந்தார். கரடி இரண்டு காலில் நிற்கிறது. காலில் முரட்டுத் துணிக் கால்சட்டை. தலையில் காட்டு அதிகாரியின் தொப்பி. கையில் ஒரு வாளி. எரியும் அடுப்பின் மேல் அது தண்ணீரைக் கொட்டுகிறது. அவ்வளவுதான் படம். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும்.

1947-ம் ஆண்டில், "காட்டுத் தீயைத் தடுக்க உன்னால்தான் முடியும்" என்ற வாசகம் சேர்ந்தது. "உன்னால்" என்ற சொல்லில்தான் அழுத்தம். சர்க்கார் செய்வார்கள், இலாகா செய்யும் என்று இராதே. நீ செய் என்பது அதன் கருத்து.

ஆக, படத்தில் இருந்த கரடிக்கு 1950-ம் ஆண்டில் உயிரோடு ஒரு கரடி கிடைத்துவிட்டது! நியூ மெக்சிகோ அதிகாரிகள் குட்டியை நாட்டுக்குக் கொடுத்தார்கள். காட்டையும் காட்டுப் பிராணிகளையும் காக்கும் பிரசாரத்துக்கே அது பயன்பட வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. குட்டி விமானத்தில் வாஷிங்டன் நகரம் போய், அங்குள்ள தேசிய மிருகக்காட்சி சாலையில் குடியேறியது.

கரடிக்குத் தனி அஞ்சல் எண்

பிறகு நடந்ததெல்லாம் கதை போல இருக்கும்.

லட்சக்கணக்கான ஜனங்கள் ஸ்மோக்கியைப் பார்க்க வந்தார்கள். 1952-ம் ஆண்டில் கரடிக்காக ஒரு சட்டமே செய்தார்கள். கண்டவர்களெல்லாம் அதன் படத்தைப் போட்டுப் பணம் பண்ணக் கூடாது. அனுமதி பெற்றுப் போடுகிறவர்கள் கொடுக்கும் பணம் தீத் தடுப்புக் கல்விக்கே போக வேண்டும் என்பது சட்டம்.

அதே ஆண்டில் ஸ்மோக்கி பொம்மை கடைக்கு வந்தது. பொம்மையோடு ஓர் அட்டை இருக்கும். குழந்தை அதில் பெயர் எழுதித் தபாலில் போட்டால் "இளம் வனக் காவலர்" ஆகலாம். குழந்தைகள் சும்மா இருப்பார்களா? மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் குவிந்தன. 1964-ம் ஆண்டில் தபால் இலாகா அந்தக் கரடிக்கென்றே ஒரு தனி அஞ்சல் எண்ணைக் கொடுத்தது. அந்த எண் 20252.

குழந்தைகள் படித்த பாடம் எளிமையானது. காட்டில் சமைத்தால் அடுப்பைத் தண்ணீர் விட்டு அணை. கிளறு. மறுபடியும் தண்ணீர் விடு. கையால் தொட்டுப் பார். தொட முடியாத சூடு இருந்தால் அதை விட்டுப் போகாதே. இந்தப் பாடத்தைக் குழந்தைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். அப்பன் சிகரெட்டைத் தூக்கி எறிந்தால் பிள்ளை கண்டித்தது.

நல்ல காரியம்தான். இன்றைக்கும் அந்தப் பாடம் செல்லும். சமீப காலக் கணக்குப்படி அமெரிக்காவில் காட்டுத் தீக்களில் நூற்றுக்குச் சுமார் 85 மனிதனால்தான் வருகின்றன.

ஆனாலும் அந்தப் பாடத்தில் ஒரு குறை இருந்தது. அது பாதிப் பாடம். மீதிப் பாதியைத் தெரிந்தவர்கள் காட்டுக்குள்ளேயே குடியிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

பாட்டன் காலத்து வழக்கம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பைன் மரக் காடுகள் உண்டு. அங்கே குடியானவர்கள் வருஷந்தோறும் காட்டின் தரையில் தீ வைப்பார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வந்த வழக்கம். ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டால், மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கும், உண்ணி சாகும், பாம்பு அண்டாது என்பார்கள்.

இதைக் கேட்டுப் பட்டணத்தார் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஸ்மோக்கி பிறப்பதற்கு முன்பே, 1920-களின் கடைசியில், அமெரிக்க வனவியல் சங்கம் வாலிபர்களை லாரிகளில் ஏற்றி அனுப்பியது. லாரியில் சினிமா இயந்திரம் இருக்கும். மின்சாரம் இல்லாத கிராமங்களில் படம் காட்டி, "தீ வைக்காதீர்கள்" என்று பேசினார்கள். மூன்று ஆண்டில் சுமார் 30 லட்சம் பேரிடம் பேசியதாகக் கணக்கு.

அப்படியும் தீ நிற்கவில்லை. காட்டு இலாகா ஒரு மனோதத்துவ நிபுணரை அனுப்பி, இந்த ஜனங்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ஆராயச் சொன்னது. அவர் 1940-ம் ஆண்டில் முடிவைச் சொன்னார். ஜனங்கள் சொல்லும் காரணங்கள் உண்மையான காரணங்கள் அல்ல. வேறு பொழுதுபோக்கு இல்லாததால் தீ வைக்கிறார்கள் என்பது அவர் முடிவு.

உண்மை என்ன? குடியானவர்கள் சொன்னதில் நிறைய நியாயம் இருந்தது.

அங்கே நீண்ட ஊசி இலை கொண்ட ஒரு பைன் மரம் உண்டு. அதன் விதை தரையில் சருகு மூடியிருந்தால் முளைக்காது. வெறும் மண் வேண்டும். தீ வந்து சருகைச் சுட்டுவிட்டுப் போனால்தான் விதை மண்ணைத் தொடும். முளைத்த கன்று சில வருஷம் புல் குத்துப் போலவே தரையோடு இருக்கும். அதன் நீண்ட இலைகள் நடுவில் உள்ள மொட்டைப் போர்த்திக் காக்கும். சின்னத் தீ மேலே போனாலும் மொட்டு வேகாது. தீயே வராவிட்டால் வேறு மரங்கள் முளைத்து அதை அமுக்கிவிடும்.

காட்டு இலாகாவிலேயே சிலர் இதைக் கண்டுகொண்டார்கள். 1943-ம் ஆண்டில், தெற்கே சில பைன் காடுகளில் திட்டம் போட்டுத் தீ வைக்க இலாகா அனுமதி கொடுத்தது. அடுத்த வருஷம் கரடி பிறந்தது. ஆனால் கரடியின் சுவரொட்டியில் இந்தச் செய்தி இடம் பெறவில்லை. இரண்டு விஷயம் சொன்னால் ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்ற பயம்!

கூடை முடையும் பெண்கள்

மேற்கே போனால் இன்னொரு கதை.

கலிபோர்னியாவின் வடக்கில் கிளமத் என்று ஓர் ஆறு. அதன் கரைகளில் கரூக், யூரோக் என்ற பழங்குடி ஜனங்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் கூடை முடைவதில் பேர்போனவர்கள். கூடைக்கு ஹேசல் என்ற செடியின் குச்சி வேண்டும். சும்மா வளரும் செடியில் குச்சி கோணலாக இருக்கும். செடியைச் சுட்டுவிட்டால் மறுபடி துளிர்க்கும் குச்சி நேராகவும் வளைகிறதாகவும் இருக்கும்.

ஓக் மரத்துக் கொட்டைதான் அவர்களுடைய பழைய ஆகாரம். கீழே விழும் கொட்டையில் புழு வைக்கும். மரத்தடியில் சின்னத் தீ வைத்தால் புழு செத்துப்போகும். மறு வருஷம் கொட்டை நன்றாக இருக்கும். ஆகவே அவர்கள் காலம் பார்த்து, காற்றுப் பார்த்து, ஈரம் பார்த்துத் தீ வைத்தார்கள்.

வெள்ளையர் ஆட்சி வந்தது. 1850-ம் ஆண்டிலேயே கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்து, பழங்குடிகள் தீ வைப்பதைத் தடுத்தது. பின்னால் காட்டு இலாகாவும் தடுத்தது. தீ வைத்தவன் குற்றவாளி ஆனான். கூடைக்குக் குச்சி இல்லாமற்போயிற்று. பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க வழி இல்லாமற்போயிற்று.

அடியில் சேர்ந்த விறகு

காட்டு இலாகா ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தது? அதற்கும் காரணம் உண்டு. 1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஐடஹோ, மான்டனா மாநிலங்களில் இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்துபோயிற்று. குறைந்தது 85 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள். அந்தச் சோகத்தை இலாகா மறக்கவே இல்லை. 1935-ம் ஆண்டில் ஓர் உத்தரவும் போட்டது. எங்கே தீ தெரிந்தாலும், மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது அந்த உத்தரவு.

உத்தரவுப்படியே செய்தார்கள். சின்னத் தீயெல்லாம் அணைந்தது. ஆனால் சின்னத் தீ தின்ன வேண்டிய சருகும் சுள்ளியும் அப்படியே கிடந்தன. வருஷம் ஏற ஏற அவை குவிந்தன. இடையில் சிறு மரங்கள் நெருக்கமாக முளைத்தன. வீட்டுக் கூரைக்குக் கீழே வைக்கோற்போர் போட்டு, அதன் மேல் ஏணியும் சாத்திவைத்தால் எப்படி? கீழே பிடித்த தீ ஏணியில் ஏறிக் கூரைக்குப் போய்விடும். காட்டிலும் அப்படித்தான் ஆயிற்று.

கலிபோர்னியாவில் செக்கோயா என்ற ராட்சத மரங்கள் உண்டு. ஆயிரம் வருஷம், இரண்டாயிரம் வருஷம் வாழ்கிறவை. 1960-களில் விஞ்ஞானிகள் பார்த்தபோது, மரத்தடியில் புதுக் கன்றே இல்லை. காரணம், தீ இல்லாமைதான்! தீயின் சூட்டில்தான் அதன் காய் நன்றாக வெடித்து விதை உதிரும். உதிர்ந்த விதைக்குச் சாம்பல் மண் வேண்டும்.

அந்த மரங்கள் எத்தனையோ சின்னத் தீயைத் தாங்கியவை. ஆனால் 2020, 2021-ம் ஆண்டுகளில் வந்த பெருந்தீயைத் தாங்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான பெரிய மரங்கள் செத்துப்போயின. குவிந்து கிடந்த விறகு ஒரு காரணம். பூமியின் வெப்பம் கூடியதும், மழை பொய்த்ததும் மற்றக் காரணங்கள்.

பாடம் திருத்தப்பட்டது

தவறு தெரிந்த பிறகு மெல்ல மெல்லத் திருத்தம் வந்தது.

1968-ம் ஆண்டில் தேசியப் பூங்கா இலாகா தன் கொள்கையை மாற்றியது. இடியால் பிடித்த தீ ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் எரிய விடலாம் என்றது. 1978-ம் ஆண்டில் காட்டு இலாகாவும் "காலை 10 மணி" உத்தரவைக் கைவிட்டது.

கரடியும் மாறியது. 2001-ம் ஆண்டில் அதன் வாசகத்தில் "காட்டில் பிடிக்கும் தீ" என்பதை எடுத்துவிட்டு, "கட்டுக்கடங்காத தீ" என்ற பொருளுள்ள சொல்லைப் போட்டார்கள். எல்லாத் தீயும் பகை அல்ல; கட்டை மீறிய தீதான் பகை என்பது கருத்து. ஒரே ஒரு சொல்தான் மாறியது. அதற்கு 54 வருஷம் ஆயிற்று!

கை தவறினால்?

அப்படியானால் யார் வேண்டுமானாலும் தீ வைக்கலாமா? கூடாது. இதிலும் அமெரிக்கா பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

2000-ம் ஆண்டு மே மாதம் நியூ மெக்சிகோவில் பூங்கா இலாகா திட்டம் போட்டு ஒரு தீ வைத்தது. காற்று எழுந்தது. தீ கைமீறி லாஸ் அலமாஸ் நகருக்குள் புகுந்தது. 400-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன.

2022-ம் ஆண்டில் அதே மாநிலத்தில் காட்டு இலாகா வைத்த தீ ஏப்ரல் மாதம் கைமீறியது. ஜனவரியில் சுட்ட சுள்ளிக் குவியல் ஒன்றும், பனிக்கு அடியில் கனன்றுகொண்டே இருந்து ஏப்ரலில் மேலே வந்தது. இரண்டும் ஒன்றுசேர்ந்து 3 லட்சத்து 41 ஆயிரம் ஏக்கரை எரித்தன. நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. அந்த மாநிலத்தில் அதுவரை அவ்வளவு பெரிய தீ வந்ததே இல்லை. குட்டி ஸ்மோக்கி பிறந்த மாநிலம் அதுதான்!

வீடிழந்தவர்களிடம் போய், "தீ நல்லது" என்று சொன்னால் அவர்கள் கேட்பார்களா? ஆகவே, தீ வைப்பது என்பது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தை. அதை இலாகா மட்டும் படித்தால் போதாது. பக்கத்தில் குடியிருக்கிற ஜனங்களும் சேர்ந்து படிக்க வேண்டும்.

சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடம்

அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கூடம் கிளமத் ஆற்றங்கரையிலேயே தொடங்கியது. 2014-ம் ஆண்டு முதல் அங்கே தீப் பயிற்சி முகாம்கள் நடந்திருக்கின்றன. கரூக் ஜனங்களின் நிர்வாகம், உள்ளூர் ஆற்றுப் பாதுகாப்புச் சங்கம், இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம், காட்டு இலாகா எல்லாம் சேர்ந்து நடத்திய முகாம்கள் இவை.

முகாமுக்கு வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். இலாகாவின் தீயணைப்பு வீரர் வருவார். பக்கத்து வீட்டுக்காரர் வருவார். கல்லூரி மாணவி வருவாள். காற்றையும் ஈரத்தையும் அளக்கக் கற்கிறார்கள். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று வரைபடம் போடுகிறார்கள். நாள் சரியில்லை என்றால் தீ வைக்காமலே திரும்புகிறார்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

இங்கே யார் வாத்தியார், யார் மாணவர்? இலாகாவிடம் கருவியும் கணக்கும் இருக்கின்றன. பழங்குடிப் பெரியவர்களுக்கு எந்த மாதத்தில், எந்தச் சரிவில், எந்தச் செடிக்குத் தீ வேண்டும் என்று தெரியும். ஒருவருக்கு ஒருவர் வாத்தியார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை அங்கே ஒருவாறு முடிந்தது.

2021-ம் ஆண்டில் கலிபோர்னியா ஒரு சட்டம் செய்தது. முறைப்படி அனுமதி பெற்று, பயிற்சி பெற்றவர்களோ பழங்குடி மரபில் தேர்ந்தவர்களோ ஜாக்கிரதையாக வைத்த தீ தப்பித் தவறிக் கைமீறினால், அதை அணைத்த செலவை அவர்கள் தலையில் கட்டுவதில்லை என்பது சட்டம். படுமோசமான அஜாக்கிரதை இருந்தால் மட்டும் தப்ப முடியாது. ஒரு காலத்தில் குற்றம் என்று சொன்ன கையை, மாநிலமே பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் தொடங்கும் பாடம்

காட்டில் தீ வைக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

காட்டுத் தீ வந்தால் வீடுகள் எப்படிப் பிடிக்கின்றன? பெரிய ஜுவாலை வந்து வீட்டை நக்குகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் காற்றில் பறந்து வரும் தீப்பொறிதான் வீட்டை எரிக்கிறது. பொறி ஒரு மைலுக்கு மேலும் பறக்கும். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தில் சருகு கிடந்தால், பொறிக்கு அதுவே போதும்.

இதைச் சொல்லிக்கொடுக்க 2002-ம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கியது. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமும், காட்டு இலாகாவும், மாநிலக் காட்டு அதிகாரிகளும் சேர்ந்து தொடங்கிய திட்டம். தனி வீடு அல்ல, தெருவே ஒன்றுசேர வேண்டும் என்பது அதன் விதி. அண்டை வீட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். ஒரு நாள் குறித்து எல்லோருமாகச் சருகு வாருகிறார்கள். வீட்டுச் சுவரைச் சுற்றி 5 அடிக்குள் எரியக்கூடிய எந்தப் பொருளையும் வைப்பதில்லை. விறகுக் குவியலைத் தள்ளி வைக்கிறார்கள். தாழ்ந்த கிளையை வெட்டுகிறார்கள்.

பக்கத்து வீட்டில் குப்பை இருந்தால் நம் வீட்டுக்கும் ஆபத்து. ஆகையால் இதில் சண்டையும் உண்டு, சமாதானமும் உண்டு. 2018-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரை ஒரு காட்டுத் தீ விழுங்கியது. 85 பேர் மாண்டார்கள். மின்சாரக் கம்பிதான் அந்தத் தீயின் தொடக்கம். அதற்குப் பிறகு, சருகு வாருவது சின்ன வேலை என்று யாரும் சொல்வதில்லை.

கரடி தூங்கும் ஊர்

ஸ்மோக்கிக் கரடி 26 வயது வரை வாழ்ந்தது. அதற்குக் கோல்டி என்று ஒரு ஜோடியும் கொண்டுவந்து விட்டார்கள். 1976-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி ஸ்மோக்கி இறந்தது. அதன் உடலைச் சொந்த ஊரான கேப்பிட்டனுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அங்கே அதன் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது.

படத்துக் கரடிக்கு 2024-ம் ஆண்டில் 80 வயது நிறைந்தது. அது இன்னும் தொப்பியும் கால்சட்டையுமாக நிற்கிறது. குழந்தைகளுக்கு அது சொல்வது பழைய பாடம்தான். அடுப்பை அணை, கிளறு, தொட்டுப் பார்.

பெரியவர்களுக்கு மட்டும் பாடம் சற்று நீண்டுவிட்டது. தீ வைக்கத் தெரிந்தவன்தான் தீயைக் காக்கவும் தெரிந்தவன். காட்டைப் பற்றி ஊராருக்குச் சொல்லப் போகிறவர்கள், முதலில் ஊரார் சொல்வதை உட்கார்ந்து கேட்க வேண்டும். கூடை முடையும் ஒரு பாட்டியின் பேச்சை முன்பே கேட்டிருந்தால், எத்தனையோ காடு மிஞ்சியிருக்கும்.